ஆற்றில் மணல் போனதால்தான் கிணறு வற்றியதா? வீரகனூர்க் கேள்விக்கு என் பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சேலம் மாவட்டத்து வீரகனூர் பக்கம், சுவேத நதிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உங்கள் கிணறு. தாத்தா காலத்தில் மாடு பூட்டிக் கவலை ஓட்டி இறைத்த கிணறு, இப்போது பங்குனி பிறப்பதற்குள் தரை தெரிகிறது. ஆற்றில் பதினைந்து வருடமாக மணல் போய்க்கொண்டிருக்கிறது. மழை இல்லாததுதான் காரணம் என்கிறார் அப்பா, மணல்தான் என்கிறீர்கள் நீங்கள். யார் சொல்வது சரி, மணலை நிறுத்தினால் தண்ணீர் திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில், "எங்க பங்காளி பையனே மணல் டிராக்டர் ஓட்டுறான்" என்றும் ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் பட்டது. சொந்தக்காரனுக்கு எதிராக மனு எழுதும் அளவுக்கு இந்த விஷயம் உறுதியானதா என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நான் புவியியல் படித்தவன். 27 வருடமாக வாழப்பாடி, ஆத்தூர், தம்மம்பட்டி பக்கமெல்லாம் கிணற்றுக்கும் போருக்கும் இடம் பார்த்துக் கொடுப்பது என் தொழில். தரையில் கம்பி அடித்து, மீட்டர் வைத்து மின்தடையை அளந்து சொல்வேன். கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்ப்பவர்களோடு போட்டி போட்டுத்தான் பிழைப்பு ஓடுகிறது. உங்கள் கிணற்றை நான் பார்த்ததில்லை. சட்டமும் வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த அளவுக்குத்தான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் பார்ப்போம். சேலம் மாவட்டம் பாறை பூமி. சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடும்பாறை. கீழே சமவெளியிலும் பெரும்பாலும் அதே வகைப் பாறைதான், இல்லாவிட்டால் வரிவரியாகத் தெரியும் நைஸ். இந்த மாதிரி பூமியில் தண்ணீர் நிற்க இரண்டே இடம்தான் உண்டு. ஒன்று, மேலே உளுத்துப்போன பாறை அடுக்கு. இன்னொன்று, அதற்குக் கீழே உள்ள வெடிப்புகள். தஞ்சாவூர்ப் பக்கம் போல ஆழம் ஆழமாக மணல் இங்கே கிடையாது. ஆற்றை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் மட்டும் சில மீட்டர் கனத்துக்கு மணல் படிந்திருக்கும், அவ்வளவுதான். கொல்லிமலையில் பெய்த மழை சுவேத நதியில் சில வாரம் ஓடும், அப்புறம் நின்றுவிடும். ஓடுகிற அந்தச் சில வாரத்தில் தண்ணீரைப் பிடித்து, மாசி பங்குனி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக் கிணறுகளுக்குத் தருவது இந்த மணல்தான்.

எவ்வளவு தரும் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம்மூரில் மணலை யூனிட் கணக்கில் விற்கிறார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2,830 லிட்டர் கொள்ளளவு. பருமணலில் நிறைந்த தண்ணீரில் வடிந்து கிணற்றுக்கு வரக்கூடியது, மணலின் கொள்ளளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை. ஆகவே ஒரு யூனிட் மணல் வண்டியேறும்போது, 570 முதல் 700 லிட்டர் தண்ணீர் நிற்கக்கூடிய இடம் போகிறது. ஒரு ஏக்கர் படுகையில் ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் 1,430 யூனிட் சொச்சம் மணல் கிடைக்கும். அதில் நிற்கக்கூடிய தண்ணீர் 8 முதல் 10 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கர் வயலுக்கு நாலைந்து தடவை தண்ணீர் கட்டலாம். ஆற்றில் வருடத்துக்கு மூன்று தடவை தண்ணீர் ஓடினால் அந்த இடம் மூன்று தடவை நிறைந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்தக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மனு எழுதாதீர்கள். விவரம் தெரிந்த ஒருவர், "மணலை எடுத்த குழியில் தண்ணீர் நிற்குமே, மணல் இருந்ததைவிட அதிகமாகவே நிற்குமே" என்று மடக்கிவிடுவார். அவர் சொல்வது தப்பும் இல்லை. திறந்த குழியில் நிற்பது வெயிலில் ஆவியாகிவிடும் என்று நீங்கள் பதில் சொல்லலாம். ஆனால் பெரிய பாதிப்பு வேறொரு வழியில் வருகிறது. அது ஆற்றின் தரைமட்டம் இறங்குவதால் வருவது. சேறும் சகதியுமாகக் கிடக்கும் வயலை வடிக்க நாம் என்ன செய்வோம்? பக்கத்தில் ஆழமாக ஒரு வடிகால் வெட்டுவோம். இரண்டு நாளில் வயல் காய்ந்துவிடும். ஆற்றுப் படுகையைப் பத்தடி இறக்குவதும் அதே வேலைதான். முன்பு உங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் தந்துகொண்டிருந்த ஆறு, இப்போது உங்கள் தோட்டத்துத் தண்ணீரை வடித்துக்கொண்டு போகிற வாய்க்காலாகிவிடுகிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்துக்கு ஊற்று மட்டம் ஆற்றைப் பார்த்துச் சரியும். கிணறு ஆற்றுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பாதிப்பு.

அதைவிட மோசம், மணல் மொத்தமும் தீர்ந்து அடியில் களியோ பாறையோ தெரிய ஆரம்பிப்பது. களிமண்ணில் தண்ணீர் இறங்காது. வெள்ளம் வந்த வேகத்தில் வெள்ளாற்றுக்குப் போய், அங்கிருந்து பரங்கிப்பேட்டைக் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நடுப்படுகையில் சீமைக்கருவேலம் முளைக்கும். வாய்க்கால் தலைமதகு இருக்கிற இடமாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. மதகு பழைய மட்டத்திலேயே நிற்கும், ஆறு கீழே போயிருக்கும். கண்ணெதிரே தண்ணீர் ஓடினாலும் வாய்க்காலில் ஏறாது.

இதுவரை சொன்னது எங்கும் பொருந்தும். உங்கள் கிணறு வற்றியதில் மணலின் பங்கு எவ்வளவு என்பதில்தான் சந்தேகம் ஆரம்பிக்கிறது. உங்கள் அப்பா சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள். 2016ல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்க 62 சதவீதம் குறைந்தது. அந்த வருடம் ஆற்றில் மணல் இருந்த ஊரிலும் இல்லாத ஊரிலும் கிணறு காய்ந்தது. அப்புறம் போர்வெல். பெத்தநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு பாக்குத் தோப்புக் கிணற்றுக்குள் நான் இறங்கிப் பார்த்தேன். சுவரில் மூன்று இடத்தில் மோட்டார் வைத்த மேடை. முதல் மேடை பதினைந்தடியில், ஆயில் கசிந்த கறை இன்னும் இருக்கிறது. அடுத்தது முப்பதில், நான்கு போல்ட் துருப்பிடித்துத் துருத்திக்கொண்டு நிற்கிறது. மூன்றாவது ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே. அதற்கும் கீழே, தரையை ஒட்டிச் சுவரில் பக்கவாட்டில் துளைத்த சைடு போர் ஓட்டை. தோப்புக்காரர் ஒவ்வொரு மேடையையும் காட்டி, அது எந்த வருடம், அப்போது எந்தப் பிள்ளை பிறந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். தண்ணீர் இறங்கிய கதை அந்தச் சுவரில் தெளிவாக இருந்தது. எதனால் இறங்கியது என்பது அந்தச் சுவரில் இல்லை.

இதில் நானே ஒரு தடவை ஏமாந்திருக்கிறேன். வசிஷ்ட நதி ஓரத்தில் ஒரு ஊர். ஆற்றில் பெரிய பெரிய குழிகள், கரைக் கிணறுகளில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பார்த்ததும் மணல்தான் என்று சொல்லிவிட்டேன், ஊர்க்காரர்களும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு வேலையாக அதே ஊரில் ஆற்றுக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளிப் போனேன். அங்கேயும் கிணறெல்லாம் அதே அளவு இறங்கியிருந்தது. ஆற்று மணலின் கை அவ்வளவு தூரம் நீளாது. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காட்டுக்கும் பாக்குத் தோப்புக்கும் அடுத்தடுத்துப் போட்ட ஆழ்துளைகள் உறிஞ்சியதுதான் அங்கே முதல் காரணம், மணல் இரண்டாவது. நான் முதலில் சொன்னதை வைத்து ஒரு மனுவும் போயிருந்தது. அந்த மனு என்ன ஆயிற்று என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட முறை இது. ஆற்றை ஒட்டிய இரண்டு கிணறு, இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இரண்டு கிணறு, இந்த நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நான்கும் ஒன்றுபோல இறங்கினால் மழையும் போர்வெல்லும்தான் முக்கியக் காரணம். தள்ளி இருப்பவை ஓரளவு தாக்குப்பிடித்து, ஆற்றோரம் மட்டும் விழுந்திருந்தால் மணலைச் சந்தேகிக்கலாம். அதைவிட நல்ல அடையாளம், ஆறு ஓடும்போது கிணறு ஏறுகிற வேகம். 2021 கடைசியில் மாநிலம் முழுக்க மழை கொட்டியதே, அப்போது ஆறு ஓட ஆரம்பித்து எத்தனை நாளில் உங்கள் கிணற்றில் தண்ணீர் ஏறியது? அப்பாவைக் கேளுங்கள், அவருடைய சின்ன வயதில் எத்தனை நாளில் ஏறும் என்றும் கேளுங்கள். முன்பு இரண்டு மூன்று நாளில் ஏறிய கிணறு இப்போது ஆறு கரைபுரண்டு ஓடியும் வாரக்கணக்கில் அசையவில்லை என்றால், ஆற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவில் இருந்த தொடர்பு கெட்டுவிட்டது. அந்தக் கெடுதலை மழை செய்யாது.

மணலை இன்றே நிறுத்தினால் தண்ணீர் திரும்புமா? படுகையில் இன்னும் ஓர் ஆள் ஆழத்துக்கு மணல் மிச்சமிருந்தால், நல்ல மழை பெய்கிற வருடத்திலேயே கொஞ்சம் முன்னேற்றம் தெரியும், அதை நான் பார்த்திருக்கிறேன். களி தெரிந்துவிட்ட இடத்தில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். மணல் தானாகத் திரும்பி வர மலைப்பாறை உளுத்து, உதிர்ந்து, வெள்ளத்தில் உருண்டு வர வேண்டும். நம் ஆறுகள் வருடத்தில் சில வாரம்தான் ஓடுகின்றன. ஓடுகிற தண்ணீர் கொண்டுவரும் மணலையும் வழியில் தடுப்பணைகள் நிறுத்திக்கொள்கின்றன. வசிஷ்ட நதிக்கு மேலே ஆனைமடுவு, கரியகோயில் அணைகள் இருக்கின்றன. காவிரியின் கதை இன்னும் தெளிவானது. 1934ல் மேட்டூர் அணை வந்த பிறகு மேலேயிருந்து வருகிற மணல் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அணைக்குக் கீழே அள்ளுவதில் பெரும்பகுதி அதற்கு முந்தைய காலத்துப் பழைய இருப்பு. வட்டி நின்றுபோன பிறகு முதலை எடுத்துச் செலவு பண்ணுகிற மாதிரி. "நாலு வெள்ளம் வந்தா மணல் தானா வந்துரும்" என்று குவாரிக்காரர்கள் சொல்வது, குழி நிரம்பும் என்ற அளவில் உண்மை. அதில் நிரம்புவது மேலேயும் கீழேயும் உள்ள படுகையிலிருந்து சரிந்து வந்த மணல். உங்கள் ஊர்க் குழி நிரம்பினால் பக்கத்து ஊர் ஆறு இறங்கியிருக்கும். தடுப்பணை கட்டச் சொல்லிக் கேட்கலாம், அது படுகை மேலும் இறங்காமல் பிடிக்கும். ஆனால் அதன் பின்னால் வண்டல் சேர்ந்து மூடிக்கொண்டால் தண்ணீர் நிற்கும், இறங்காது. தூர் வாராத தடுப்பணையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பாலங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தூணைச் சுற்றி மணல் போனால் அஸ்திவாரம் வெளியே தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தப் பாலம் விழுந்தாலும் மணல்தான் காரணம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலம் வெள்ளத்தில் சரிந்தபோது எல்லோரும் மணலைக் கைகாட்டினார்கள். அது 1928ல் கட்டியது. பாலத்தின் வயது, வந்த வெள்ளத்தின் அளவு, படுகை இறங்கியது என்று எல்லாம் அதில் சேர்ந்திருந்தது.

உங்கள் பங்காளி பையன் விஷயத்துக்கு வருகிறேன். கிணறு வற்றும்போது எல்லோருக்கும் ஒரே மாதிரி வற்றுவதில்லை. பணம் இருப்பவர் ஆயிரம் அடிக்குப் போர் போடுவார், தண்ணீர் இல்லாமல் பாறைத்தூள் புகை மட்டும் வந்தால் இன்னொன்று போடுவார். கிணற்றை மட்டும் நம்பி இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்தான் முதலில் விழுகிறார். பாக்கு காய்ந்தால் மறுபடி நட்டு, காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும், அதுவரைக்கும் தாங்க அவரிடம் ஒன்றும் இருக்காது. அவர் வீட்டுப் பையன்தான் திருப்பூருக்குப் போகிறான், இல்லாவிட்டால் ராத்திரி டிராக்டரில் ஏறுகிறான். தோட்டம் வற்றியதால் மணலுக்குப் போனவன், மணல் அள்ளி அடுத்த தோட்டத்தை வற்ற வைக்கிறான். நான் இடம் பார்த்துக் கொடுத்துத் தண்ணீர் கிடைக்காமல் போன ஒரு வீட்டிலேயே இது நடந்தது. அவனுக்குக் கிடைப்பது லோடுக்கு இவ்வளவு என்ற கூலி. பிடிபட்டால் வண்டியும் வழக்கும் அவன் தலையில்தான் விழும். மணலை நகரத்தில் யூனிட் கணக்கில் விற்றுக் காசு பார்ப்பவரை ஊரில் யாரும் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டார்கள். போகட்டும் என்றால், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை, தெருவிளக்கு, கபடிக் கோப்பை என்று ஊருக்கும் ஏதாவது வந்துகொண்டிருக்கும். அதனால்தான் கிராமசபையில் வாய் திறக்க ஆள் கிடைப்பதில்லை.

இதில் பெண்கள் படுகிற பாடு யார் கணக்கிலும் வருவதில்லை. முன்பு கோடையில் ஆற்றுக்குள் இரண்டு முழம் தோண்டினால் ஊற்று சுரக்கும், கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்புவார்கள். சுவேத நதியிலும் சரபங்காவிலும் அதைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இப்போது மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வரும் நாளுக்குக் காத்திருக்க வேண்டும். குழி இருக்கிற ஆற்றில் குளிக்கப் போன பிள்ளைகள் மூழ்கிப்போன செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் பேப்பரில் வருகிறது. தட்டையாகத் தெரியும் தண்ணீருக்கடியில் திடீரென்று பத்தடிப் பள்ளம் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியாது.

மணல் வேண்டாம் என்று சொல்கிற நானும் 2004ல் காவிரி மணலில்தான் வீடு கட்டினேன், ஒளிக்க ஒன்றுமில்லை. இப்போது கல்லை உடைத்துச் செய்கிற எம்சாண்ட் இருக்கிறது. ஐஎஸ் 383 என்ற இந்தியத் தரநிலை 2016ல் திருத்தப்பட்டபோது அதையும் முறையாக ஏற்றுக்கொண்டது. கான்கிரீட்டுக்கு அது போதும், ஒழுங்காகக் கழுவிச் சலித்ததாக இருக்க வேண்டும், கிரஷர் தூசியை எம்சாண்ட் என்று தலையில் கட்டுகிறார்களா என்று பார்த்து வாங்க வேண்டும். ஆனால் அதற்கும் கல் வேண்டும். ஆற்றங்கரைக்காரர்களின் பாடு குன்றடிவாரத்துக்காரர்களுக்கு மாறுகிறது. வெடி, தூசி, சுவரில் விரிசல் என்று அவர்களும் என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

சட்டத்தில் உங்களுக்கு வேண்டியது கொஞ்சம்தான். 2003 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் ஆற்று மணல் குவாரியை அரசு மட்டும்தான் நடத்தலாம். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். பாலம், குடிநீர்க் கிணறு, நீரேற்று நிலையம் இவற்றிலிருந்து 500 மீட்டருக்குள் மணல் எடுக்கக் கூடாது என்று மாநில விதி இருக்கிறது. உங்கள் ஊர்ப் பாலத்திலிருந்து அந்தத் தூரத்தைக் கைப்பேசி மேப்பிலேயே அளந்துவிடலாம். அனுமதி இல்லாமல் அள்ளினால் ஐந்து வருடம் வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இந்தக் கடைசி விவரத்தைப் பங்காளி பையனிடம் சொல்லிவிடுங்கள், அவனிடம் வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மனு எழுதுவதற்கு முன்னால் ஒரு வருடம் அளவு எடுங்கள் என்பதுதான் நான் சொல்லக்கூடியது. பொறுமை போகும், தெரியும். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் பெயின்டால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து படுகை வரைக்கும் டேப் விட்டு அளந்து, தேதியோடு நோட்டில் எழுதுங்கள். வெள்ளத்துக்கு முன்னால் ஒன்று, வெள்ளம் வடிந்த பிறகு ஒன்று. நான் சொன்ன நான்கு கிணற்றிலும் மாதம் ஒரு தடவை, மோட்டார் போடுவதற்கு முன்னால் காலையில், தண்ணீர் மட்டம். கயிற்றில் கல்லைக் கட்டி விட்டாலே போதும். உங்கள் ஒன்றியத்தில் அரசு வைத்திருக்கிற கண்காணிப்புக் கிணறுகளின் பழைய அளவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். இதெல்லாம் கையில் இருந்தால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் உங்களைச் சும்மா அனுப்பிவிட முடியாது.

பாலத்தில் அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆற்றுக்குள் ஓர் ஆள் நிற்க வேண்டும். உங்கள் பங்காளி பையனைக் கூப்பிட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் எத்தனை அடி வெட்டினார்கள், எங்கே களி தட்டியது என்பதெல்லாம் எந்த ஆபீஸ் ஃபைலிலும் இருக்காது, அவனுக்குத்தான் தெரியும்.